கேள்வி பாதி, விளையாட்டு பாதி

கே: மோனோபோலி ஆட உட்கார்ந்தால் முடியவே மாட்டேன் என்கிறது, கடைசியில் சண்டைதான். தப்பு எங்களிடமா, ஆட்டத்திலா?

ப: பாதி உங்களிடம். ஒருவர் தான் வந்து நின்ற இடத்தை வாங்க மறுத்தால் வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? அப்புறம் அபராதப் பணத்தையெல்லாம் ஃப்ரீ பார்க்கிங் கட்டத்துக்காகக் குவித்து வைத்து, அங்கே வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள் இல்லையா, அது விதியிலேயே கிடையாது. திவாலாக வேண்டிய ஆள் அதை வைத்துப் பிழைத்துக்கொண்டால் ஆட்டம் எப்படி முடியும்? மீதிப் பாதி ஆட்டத்தின் தப்பு. முதலில் தோற்றவர் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியிருக்கிறது. இதன் மூல ஆட்டத்துக்கு லிஸ்ஸி மாகி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்துப் போடுபவர்கள் மற்றவர்களை எப்படி நசுக்குகிறார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். எரிச்சல் வருவது நியாயம்தான். 1995இல் வந்த கட்டான் என்ற பலகை ஆட்டத்தை ஆடிப் பாருங்கள், அதில் யாரும் நடுவில் வெளியேற வேண்டியதில்லை.

கே: மீம் என்ற சொல் இணையத்தில் பிறந்ததுதானே?

ப: இல்லை, 1976. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கியது.

கே: கிராபிக்ஸ் சுமாரான கேமை எப்படி ரசிக்கிறார்கள்?

ப: 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் எழுதிய, மேலிருந்து விழும் கட்டைகளைப் பொருத்தி அடுக்கும் டெட்ரிஸ் கேமின் முதல் வடிவத்தில் கிராபிக்ஸே இல்லை, கட்டைகள் எல்லாம் வெறும் அடைப்புக்குறிகள். அதற்கே ஆட்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நானும் ஒரு கட்டை சரியாகப் பொருந்தினால் இன்றைக்கும் தனியாகச் சிரிக்கிற ஆள்தான்.