வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து வழக்கறிஞர் ஆனவர்கள் இருக்கிறீர்களா? எது உங்களைச் சட்டம் பக்கம் இழுத்தது? வயது ஒரு தடையா?

இருக்கிறேன். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவன். இப்போது ஹைகோர்ட்டுக்கு எதிரே தம்பு செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியர். அநியாயத்தைக் கண்டு பொங்கி எழுந்து வந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னை இழுத்தது ஒரு கூட்டல் கணக்கு.

துபாயில் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் என் அறையில் முதுகுளத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார், கொத்தனார். எட்டு வருஷம் முடித்து ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு முடிக்கும் செட்டில்மென்ட் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, கையெழுத்துப் போடச் சொல்றாங்க, சரியா இருக்கான்னு பாரு" என்றார். மாதம் 1,800 திர்ஹாம்; அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800, மிச்சமெல்லாம் அலவன்ஸ். வருஷத்துக்கு 21 நாள் பேசிக் வீதம் எட்டு வருஷத்துக்கும் போட்டு 4,480 திர்ஹாம் கிராஜுவிட்டி என்று இருந்தது. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்குத்தான் 21 நாள், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். அப்படியென்றால் 5,200 வரவேண்டும். சட்டத்தின் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அக்கவுண்டன்டிடம் போனேன். வாக்குவாதமே இல்லை. படித்தார், பழைய தாளைக் கிழித்தார், புதிதாக அடித்துக் கொடுத்தார்.

720 திர்ஹாம் கூடக் கிடைத்ததில் அண்ணனுக்கு ஏக சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மொத்தச் சம்பளமான 1,800க்குக் கணக்குப் போட்டிருந்தால் 11,700 வந்திருக்கும். சட்டம் பேசிக்கை மட்டும்தான் எடுக்கும். சரி, அந்தப் பேசிக் 800 ஆனது எங்கே? சென்னையில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸில், ஃப்ளைட் ஏறும் அன்று மாலை அவசர அவசரமாக வாங்கிய கையெழுத்தில். அதற்கப்புறம் துபாயில் எந்த வக்கீலை வைத்தாலும் பிரயோஜனமில்லை. சட்டம் படிப்பது, படித்துவிட்டு சென்னையிலேயே உட்காருவது என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

எங்கள் சேம்பருக்கு, அதாவது சீனியரின் அலுவலகத்துக்கு, வருகிற வளைகுடா விவகாரங்கள் எல்லாமே அநேகமாக இந்த ரகம்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். ரசீதே இல்லாமல் லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தில் இதற்கு இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. அந்த அபராதத்தைப் பார்த்து எந்த ஏஜென்ட் பயப்படுவான் சொல்லுங்கள்.

இன்னொன்று பவர் பத்திரம், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். ஷார்ஜாவில் இருக்கும் மகன் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அம்மா பேருக்கு அனுப்புவான். அது வேளச்சேரி வீட்டு பீரோவில் தூங்கும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எப்போது வந்தது என்பதற்கு அத்தாட்சி கூரியர் கவர். அதைத்தான் முதலில் குப்பையில் போட்டிருப்பார்கள்.

2020 ஜனவரிக்குப் பிறகு ஒரு புது ரகமும் சேர்ந்திருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் அமீரகத்தையும் மத்திய அரசு அறிவித்துவிட்டதால், அங்குள்ள கோர்ட் தந்த பண டிக்ரீயை, அதாவது பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை, வைத்து இங்கேயே இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போடலாம். கிரெடிட் கார்டு கடனை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு முன்பிருந்த நிம்மதி இனி கிடையாது. இந்த மாதிரி கட்சிக்காரர் வந்தால் சீனியர் என்னைத்தான் கூப்பிடுவார். அங்கத்திய சம்பளச் சீட்டும் லேபர் கார்டும் எனக்குப் பழக்கம். வெளிநாட்டு அனுபவத்தால் தொழிலில் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். மற்றபடி வாய்தா வாங்க வரிசையில் நிற்கும்போது இருபத்துநாலு வயதுப் பையனும் நானும் ஒன்றுதான். பார்க்கப்போனால் அவன் எனக்கு சீனியர்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வயது ஒரு தடையில்லை. 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம், ஆகவே அங்கே வேலையில் இருந்துகொண்டே இங்கே படிப்பது நடக்காது. வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது போன் பண்ணினால் உடனே வைத்துவிடுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. அதன்பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று உண்டு. வருமானம்தான் கஷ்டம். சென்னையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் நம் ஹைகோர்ட்டே சொன்னது. எல்லா சேம்பரிலும் அது வருகிறது என்று நம்பி வந்துவிடாதீர்கள். படிக்கும் காலம் போக இன்னும் இரண்டு மூன்று வருஷத்துக்கு வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன், அப்படியும் மனைவியின் சம்பளம் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

ராஜினாமா கடிதம் எழுதும் முன் உங்கள் பட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ப்ளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் என்றால் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. வளைகுடாவில் இருப்பவர்களில் நிறையப் பேரிடம் அந்தப் பட்டம்தான் இருக்கிறது.