−3 − 5 ஏன் +8 ஆகாது?

உங்கள் மகள் −3 − 5 = 8 என்று எழுதுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற விதியை மைனஸ் கண்ட இடத்திலெல்லாம் போடுகிறாள். அது பெருக்கல், வகுத்தலுக்கும், −3 − (−5) போல இரு குறிகள் அடுத்தடுத்து வரும் இடத்துக்கும்தான்.

கொஞ்ச நாள் அந்த விதியை ஒதுக்கிவைத்து, கடனாகச் சொல்லிப் பாருங்கள். 3 ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் 5 ரூபாய் கடன் வாங்கினால் மொத்தக் கடன் 8, அதாவது −8. கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடன் என்றுதான் விளக்கினார்.

−3 − (−5)-க்குப் பொத்தான்கள் எடுங்கள். சிவப்பு −1, நீலம் +1. ஒரு சிவப்பும் ஒரு நீலமும் சேர்ந்தால் பூஜ்யம். மேசையில் 3 சிவப்பு வையுங்கள். அதிலிருந்து 5 சிவப்பை எடுக்க வேண்டும், 2 குறைகிறது. அதனால் 2 சிவப்பு-நீல ஜோடிகளைச் சேர்த்து வையுங்கள், மதிப்பு மாறாது. இப்போது 5 சிவப்பையும் எடுத்துவிட்டால் 2 நீலம் மிச்சம்: +2. பொத்தான்களை அவளே நகர்த்தட்டும், நீங்கள் நகர்த்திக் காட்டினால் மனதில் நிற்காது.

−8, −3 இரண்டில் எது பெரியது என்று குழம்பினால் எண்கோடு வரையச் சொல்லுங்கள். வலப்பக்கம் இருப்பதே பெரியது, அதாவது −3.