138க்கே மூன்றாவது பிபி மாத்திரையா?

வணக்கம். 70 வயது அப்பாவுக்குப் பிபியின் மேல் எண் 138 இருக்கும்போதே டாக்டர் மூன்றாவது மாத்திரை கொடுத்தார், இப்போது எழுந்தால் தலை சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பிபி எகிறிவிடும்.

டாக்டர் மூன்றாவது மாத்திரை கொடுத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர். மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை கால் பங்கு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி முடிவைச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை என்கிறீர்கள், சரி.

ஆனால் அந்த ஆய்வில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியில் பலமுறை அளந்து சராசரி எடுத்தார்கள். நம்மூரில் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டுகிறோம், எண் கூடுதலாகத்தான் காட்டும்! தவிர, 120 குழுவில் மயக்கம், உப்புச் சத்துக் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் கூடுதலாகவே இருந்தன.

அதனால் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து ஒரு வாரம் எழுதி வையுங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். உப்புச் சத்துகளான சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இதற்குள் அவர் மயங்கி விழுந்தால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே டாக்டரிடம் போங்கள்.