இரண்டு கிளவுட், நடுவில் ஒரு டனல்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

நிலாவெளி, விடுதி நடத்துபவர்: தம்பி, எங்கட புக்கிங் சர்வர் அமேசான் கிளவுட்டில், கணக்கு டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுட்டில். இடையில் விபிஎன் (மறைகுறியாக்கிய டனல்) போட்டாச்சு. இனிப் பயமில்லைத்தானே?

பயம் இருக்கு அண்ணா. விபிஎன் வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் தடுக்கும். புக்கிங் சர்வர் ஒருத்தன் கையில் மாட்டினால், அதே டனல் அவனுக்கும் பாதைதான்.

அஸூரில் எந்தப் போக்குவரத்தை விடுவது என்று சொல்லும் விதிப்பட்டியலான என்எஸ்ஜியைத் திறந்து பாருங்கள். 65000 என்ற எண்ணில் 'அலோ விநெட் இன்பவுண்ட்' என்று ஒரு விதி தானாகவே இருக்கும். அது சொல்லும் 'விர்ச்சுவல் நெட்வொர்க்' உங்கள் விநெட் (அஸூரில் உங்கள் தனி நெட்வொர்க்) மட்டுமல்ல. பியரிங் செய்தவை (நேரடியாக இணைத்த மற்ற நெட்வொர்க்குகள்), விபிஎன்னில் இணைத்த வெளி முகவரிகள் எல்லாமே அதற்குள் அடக்கம். ஆக, டனல் எழும்பியதும் அமேசான் பக்கம் முழுக்க உள்வீட்டு ஆளாகிவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அந்த விதியை அழிக்க முடியாது. ஆனால் சிறிய எண்தான் முதலில் ஓடும். 300 ஆம் எண்ணில் புக்கிங் சர்வரின் ஐபியிலிருந்து வருவதற்கு 5432 போர்ட் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வாசல்) மட்டும் அனுமதி. 4000 இல் விர்ச்சுவல் நெட்வொர்க்கிலிருந்து வரும் மற்ற எல்லாவற்றுக்கும் தடை. ஒன்று கவனம்: உங்கள் சொந்த மெஷின்கள் தங்களுக்குள் கதைப்பதும் இதில் நின்றுபோகும். தேவையானதை முதலில் எழுதிவிட்டுத் தடையைப் போடுங்கள். அமேசான் பக்கத்திலும் வெளியே போவதை இதேபோல் இறுக்குங்கள்.

உப்புவெளி, கம்பஸ் மாணவி: அண்ணா, எங்கட அமேசான் அக்கவுண்டும் மற்றக் குழுவினுடையதும் 172.31.0.0/16 என்ற ஒரே முகவரி வரம்பில். பியரிங் சரிவரவில்லை.

அமேசான் தானாகவே தரும் நெட்வொர்க்கான டிஃபால்ட் விபிசி எல்லாருக்கும் அதே முகவரிதான் தங்கச்சி. மோதும் முகவரிகளைப் பியர் செய்ய முடியாது. ஒரே ஒரு சேவைதான் வேண்டுமென்றால் பிரைவேட்லிங்க் (அந்தச் சேவைக்கு மட்டும் தனி வழி) போதும். முகவரி மோதினாலும் ஓடும், நெட்வொர்க்கையும் திறக்கத் தேவையில்லை. பியரிங்கைவிட எனக்கு அதுதான் விருப்பம்.

கிண்ணியா: டனலில் பிங் போகுது, பெரிய ஃபைல் தொங்குது.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பிரச்சினை போலத்தான் தெரிகிறது. டனலை மறைகுறியாக்கும் ஐபிசெக் தன் தலைப்புகளைச் சேர்த்ததும் 1500 பைட்டுக்குள் பாக்கெட் அடங்காது. டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவை) 1350க்குக் குறையுங்கள். பாதுகாப்பு என்று பிங் தவிர மற்ற ஐசிஎம்பியை (நெட்வொர்க்கின் அறிவிப்புச் செய்திகளை) அடைத்திருந்தால், 'பாக்கெட் பெரிது' என்று சொல்லும் டைப் 3 கோட் 4ஐயாவது விடுங்கள்.

மூதூர்: கூகுள் கிளவுட் சர்வரில் அமேசான் ஆக்சஸ் கீயை (உள்ளே நுழையும் நிரந்தரச் சாவியை) ஃபைலில் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

வேண்டாம் தம்பி. ஓஐடிசி ஃபெடரேஷன் (கூகுள் தரும் அடையாளத்தை அமேசான் நம்பும் ஏற்பாடு) போடுங்கள். சீக்கிரம் காலாவதியாகும் டோக்கன் கிடைக்கும், திருடுபோனாலும் சேதம் குறைவு. அமேசான் ரோலின் டிரஸ்ட் பாலிசியில் (அந்த ரோலை யார் எடுக்கலாம் என்ற விதியில்), வருவது உங்கள் கூகுள் சர்வரின் சர்வீஸ் அக்கவுண்ட்தானா என்று பார்க்கும் நிபந்தனையைக் கட்டாயம் எழுதுங்கள். அது முடிந்ததும் பழைய கீயை அன்றே அழித்துவிடுங்கள்.