ட்ரெய்லரைக் கடலில் இறக்காதீர்கள்

நாகர்கோவில் வாசகர் ஒருவர் பழைய ஹோபி 16 என்ற இரட்டை உடல் பாய்ப்படகு வாங்கியிருக்கிறார். மணக்குடியில் நண்பரோடு இரண்டே பேராக அதை ட்ரெய்லரிலிருந்து இறக்கி ஏற்ற முடியுமா என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். ஆனால் ட்ரெய்லர் சக்கரம் உப்புத்தண்ணீரைத் தொடவே கூடாது. ஓடிவந்த சூட்டோடு பேரிங்கைத் தண்ணீரில் முக்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியே உப்புநீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் துருதான். படகு சுமார் 145 கிலோ. பருத்த பலூன் டயர் போட்ட மணல்வண்டியில் ஏற்றிவிட்டால் இரண்டு பேர் உருட்டிவிடலாம்.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் அண்ணாந்து பாருங்கள். எட்டு மீட்டர் அலுமினியம் அது. உயர் அழுத்த மின்கம்பியில் முட்ட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். ஈர மணலில் படகைப் பிடித்து நிற்பவர் உயிரும் போகும். நிறுத்துமிடத்தில் கம்பி இல்லை என்றால் போதாது. தண்ணீர்வரை உருட்டிப்போகும் வழியையும் முதலில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் இதை நான் விடமாட்டேன்.

மரத்தின் அடியைக் கீலில் பூட்டி, ஒருவர் படகின் மேலே நின்று தூக்க, மற்றவர் மரத்தை முன்பக்கமிருந்து இழுத்துப்பிடிக்கும் முன்கம்பியை இழுக்கட்டும். அந்தக் கம்பி மாட்டப்படும்வரை மரத்திலிருந்து கையை எடுக்காதீர்கள். இரு உடல்களின் பின்புறமும் உள்ள வடிகால் தக்கைகளைத் திருகி மூடிவிட்டு, படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பிய பிறகே பாயை ஏற்றுங்கள்.

பழகும்வரை காயலுக்குள்ளேயே ஓட்டுங்கள். பாய்மரத்தோடு பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டாம். ஆனி, ஆடியில், காயல் கடலில் சேரும் பொழிமுகம் பக்கமே போகாதீர்கள். கடல் தகவல் மையமான இன்காய்ஸ், தொலைவிலிருந்து திடீரென வரும் பேரலையான கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை விட்ட நாளிலும் அப்படித்தான். கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறார்களா, வலை காய்கிறதா என்று பார்த்து, அங்குள்ளவர்களைக் கேட்டே வண்டியை உருட்டுங்கள்.

திரும்பும்போது கரை நெருங்கியதும் பாயைத் தளர்த்தி, சுக்கான்களைத் தூக்கிவிடுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே மட்டும் குதிக்காதீர்கள். முழங்கால் உயர அலைகூட அந்த 145 கிலோவைத் தூக்கிக் காலில் அடித்துவிடும். கடல் பக்கமாக இறங்கி, மூக்கைப் பிடித்து அலைக்கு நேரே திருப்புங்கள். ஒருவர் முனையைத் தூக்க, மற்றவர் மணல்வண்டியை அடியில் செருகலாம்.

மேலே வந்ததும் பாயையும் மரத்தையும் இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தக்கையைத் திறந்து படகைச் சாய்க்கும்போது வாளிக்கணக்கில் தண்ணீர் கொட்டினால், விரிசலைக் கண்டுபிடித்து அடைக்காமல் அடுத்தமுறை இறக்காதீர்கள்.