ஃபேட் கட்டுக்கு நீலமா, சில்வரா?

கேள்வி: எனக்கு வயது 26. அடர்த்தியான, நேரான கறுப்பு முடி. பக்கவாட்டில் மிட் ஃபேட் (காதுக்கு மேலே நடுவிலிருந்து கீழே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வரும் வெட்டு), மேலே எட்டு சென்டிமீட்டர் நீளம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொள்வேன். அலுவலகத்தில் தடை எதுவும் இல்லை என்பதால் பளிச்சென்று நீலமோ சில்வரோ அடித்துப் பார்க்க ஆசை. அங்கங்கே நாலைந்து நரை தெரிகிறதே என்று மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை கறுப்பு டை அடித்தேன். எனக்கு எந்த நிறம் எடுக்கும்? முதலில் முடி வெட்டுவதா, கலர் அடிப்பதா? ப்ளீச் செய்தால் முடி கொட்டுமா? தாடிக்கும் சேர்த்து அடிக்கலாமா?

பதில்: போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தக் கறுப்பு டை, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீலமா சில்வரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பக்கவாட்டு முடி மூன்று மாதமாக ஃபேட் வெட்டி வெட்டிப் புதிதாகிவிட்டது, அங்கே டை மிச்சமில்லை. மேலே இருக்கிற எட்டு சென்டிமீட்டரில் தலையை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர்தான் இயற்கை முடி, மீதி ஐந்தும் சாயம் ஏறியது. கண்ணாடியில் இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ப்ளீச்சுக்கு அப்படி இல்லை. இயற்கைக் கறுப்பைத் தருகிற மெலனினை ப்ளீச் படிப்படியாகக் கரைத்துவிடும். நிரந்தரச் சாயம் முடிக்குள் போய், அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி உட்கார்ந்திருக்கும். லேசில் அசையாது. போதாக்குறைக்கு, மண்டைச் சூட்டினால் வேரை ஒட்டிய ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். அடிமுடி மஞ்சளுக்கு வந்துவிட்ட நேரத்தில் நுனி இன்னும் செங்கல் நிறத்திலேயே நிற்கும். அதன்மேல் நீலத்தைப் பூசினால் அடியில் நீலம், நுனியில் சேறு.

இதைச் சரிக்கட்ட நுனிக்கு மட்டும் மறுபடி மறுபடி ப்ளீச் போடுவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை ரசாயனம் பட்ட முடி அது, தாங்காமல் முறியும். சாயத்தை மட்டும் இளக்கி எடுக்கிற கலர் ரிமூவர் கிடைக்கிறது, நீள முடிக்காரர்களுக்கு அது உதவும். உங்களுக்கு அந்தத் தொல்லை எதற்கு? இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். இயற்கை முடி நாலு சென்டிமீட்டர் ஆகிவிடும். மேலே அதற்குச் சற்றுக் குறைவாக, கலைத்துவிட்ட மாதிரி தெரியும் குட்டை வெட்டான டெக்ஸ்சர்டு க்ராப் வெட்டிக்கொண்டால் டை ஏறிய முடி முழுக்கக் கத்தரியோடு போய்விடும். மிஞ்சுவது எந்த ரசாயனமும் படாத முடி. ஆண்களின் குட்டை முடிக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான், அதை ஏனோ பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. எட்டு சென்டிமீட்டரை விட மனம் வரவில்லையென்றால் அடர் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீலத்தையும் சில்வரையும் மறந்துவிடுங்கள். இடைவழி ஒன்று சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை.

சரி, நிறத்துக்கு வருவோம். கடையில் நிற அட்டையை நீட்டி “எது பிடிக்கிறது?” என்பார்கள். அந்த அட்டை முதல் நாளை மட்டும்தான் காட்டும். பளிச் நிறங்கள் பெரும்பாலும் முடியின் மேற்பகுதியில் தங்குகிற நேரடிச் சாயங்கள். ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும். நாலாவது வாரம் அது என்ன நிறத்தில் இருக்கும் என்று கேளுங்கள். அந்த நிறமும் உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும் அடியுங்கள்.

சில்வருக்குக் கறுப்பு முடியைக் கடைசிப் படி வரை வெளுக்க வேண்டும். ப்ளீச் போடப் போட கறுப்பு முதலில் செம்பழுப்பாகும், பிறகு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கி, கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் மாதிரி வெளிர் மஞ்சளாகும். அங்கே வந்த பிறகுதான் ஊதா டோனரால் மீதி மஞ்சளை அடக்கி சில்வர் ஆக்க முடியும். உங்களுடையது போன்ற அடர்ந்த கறுப்பு முடி ஒரே அமர்வில் அந்த இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவது அபூர்வம். அத்தனை பாடுபட்டு வாங்கிய சில்வர் ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளடிக்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு, அடிக்கடி டோனர் என்று அதன் பின்னாலேயே ஓட வேண்டும். ஓடத் தயாராக இருப்பவர்களுக்கு அருமையான நிறம். முதல் தடவை அடிக்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீலத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆனால் அடியில் மஞ்சள் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. நீலம் அடித்துக்கொண்டு போனவர்கள் மூன்றாவது வாரம் பாசி நிறத்தில் திரும்பி வருவது இதனால்தான். நீலத்துக்கு முன்னால் ஊதா டோனர் போட்டு மஞ்சளைத் தணித்துவிட வேண்டும். நீலத்திலும் ஊதாச் சாயல் கலந்த அடர் நீலமாகப் பார்த்து எடுக்க வேண்டும். வானநீலம், புகைநீலம் போன்ற வெளிர் சாயல்கள் சில்வருக்கு ஆகிற பாட்டைத்தான் கேட்கும். அடர் நீலமென்றால் மங்க மங்க நடுத்தர நீலமாகி, அப்புறம் சாம்பல் கலந்த நீலமாகும். பார்க்கிற மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்காத இரண்டு நிறங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று அடர் பச்சை. அடியிலுள்ள மஞ்சள் அதற்கு எதிரியல்ல, கூட்டாளி. அதனால் ப்ளீச்சைச் சீக்கிரம் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பிறகு வேறு நிறத்துக்கு மாற நினைத்தால் பச்சை அவ்வளவு எளிதில் கிளம்பாது. இன்னொன்று சிவப்பு, செம்பு வகை. கறுப்பு முடி வெளுக்கும்போது எப்படியும் சிவப்பையும் ஆரஞ்சையும் தாண்டித்தான் வர வேண்டும், அங்கேயே நின்றுவிட்டால் பாதி வேலை மிச்சம். மங்கினாலும் செம்பாகத்தான் மங்கும். வேரில் கறுப்பு எட்டிப் பார்த்தாலும் சில்வரில் தெரிகிற அளவுக்கு உறுத்தாது. முடிக்குச் சேதமும் இவற்றில் குறைவு.

உங்கள் நிலையில் என் தேர்வு ஊதாச் சாயல் கொண்ட அடர் நீலம். இரண்டாவது, சிவப்பு.

தோல் நிறத்துக்குப் பொருந்துமா என்று மணிக்கட்டு நரம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பழுப்பா கருப்பா என்று இயற்கைச் சாயல்களுக்குள் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அது ஓரளவு பயன்படும். நீல முடி யாருடைய தோலுக்கும் இயற்கையாகப் பொருந்தப் போவதில்லை. எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றுதானே அடிக்கிறோம். பக்கவாட்டு முடியும் புருவமும் கறுப்பாக இருந்து மேலே மட்டும் நிறம் இருந்தால் எந்தத் தோல் நிறத்திலும் முகம் எடுப்பாகத் தெரியும்.

அதனால்தான் ஃபேட் உங்களுக்குச் சாதகம். பக்கவாட்டைத் தொடவே வேண்டாம். அங்கே அடிக்கிற கலர் அடுத்த வெட்டிலேயே தரைக்குப் போகும். மேலே மட்டும் அடித்தால் ஓரங்களின் கறுப்பு ஒரு சட்டம் போல நிற்கும். வேரில் வளர்கிற கறுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். கலைத்துவிட்ட க்ராப்பில் ஒரு சென்டிமீட்டர் கறுப்பு வேர் நிழல் மாதிரிதான் தெரியும். முழுத் தலையும் அடித்தவருக்குத்தான் மூன்று வாரத்தில் அது அழுக்குக் கோடாகிவிடும். நுனிகளுக்கு மட்டும் அடிப்பது இன்னும் கவலையற்ற வழி: மண்டையில் ப்ளீச் படாது, பிடிக்கவில்லையென்றால் இரண்டு மூன்று வெட்டில் போய்விடும். 1990-களில் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மேன் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மாற்றி மாற்றி வந்து நின்றார். தலையை ஒட்டி வெட்டிய முடிக்காரருக்கு அது முடியும், தோள்வரை வளர்த்தவர் அந்த ஆட்டத்துக்குப் போனால் முடி மிஞ்சாது.

முதலில் வெட்டுவதா அடிப்பதா? இரண்டு தடவையாக வெட்ட வேண்டும். முதலில் மேல்முடியை க்ராப் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பக்கவாட்டைக் கொஞ்சம் நீளமாகவே விட்டுவைக்கச் சொல்லுங்கள். ப்ளீச், டோனர், கலர் எல்லாம் முடிந்து முடி உலர்ந்த பிறகு ஃபேட் இறக்கட்டும். எல்லைக்கோட்டில் வழிந்த கலரெல்லாம் அதில் சுத்தமாகிவிடும். மாற்றிச் செய்தால், அதாவது மெஷினும் ரேஸரும் புதிதாக ஓடிய தோலில் ப்ளீச் வழிந்தால், எரிச்சல் என்றால் என்னவென்று தெரிந்துகொள்வீர்கள். ப்ளீச்சுக்கு முந்தைய ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஷாம்பு போடாதீர்கள். மண்டையில் சுரக்கிற இயற்கை எண்ணெய் கொஞ்சம் காப்பாக இருக்கும்.

அதற்கு முன்னால் இரண்டு சோதனை. தோல் சோதனையை 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறத்தில் செய்து பார்க்க வேண்டும். கறுப்பு டைகள் பலவற்றில் பிபிடி என்கிற பாராஃபினைலீன்டையமின் இருக்கும், ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள் அது. டை அடித்தபோது உங்களுக்கு மண்டை அரித்ததா, இமை வீங்கியதா? அப்படியென்றால் கடைக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், தோல் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். பளிச் நிற நேரடிச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி இருக்காது. அதற்காகச் சோதனையை விட்டுவிடக் கூடாது. ப்ளீச் பொடியிலுள்ள பர்சல்ஃபேட் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். ஆஸ்துமா இருந்தால் காற்றோட்டமில்லாத அறையில் உட்காராதீர்கள்.

இன்னொன்று இழைச் சோதனை. உச்சிக்குப் பின்னால் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கொத்தை எடுத்து, ப்ளீச் பூசி ஃபாயிலில் மடித்து வைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்து, ஈரப் பஞ்சால் ஓரிடத்தில் துடைத்து நிறம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அலசிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஓர் இழையை இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் முடி நன்றாக இருக்கிறது. நீண்டது நீண்டபடியே நின்றாலோ, பொத்தென்று அறுந்தாலோ அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற இந்தக் காரியத்துக்குச் சலித்துக்கொள்கிற கடையில் முழுத் தலையைக் கொடுக்காதீர்கள்.

ப்ளீச் பொடியோடு கலக்கிற திரவத்துக்கு டெவலப்பர் என்று பெயர், அதன் பாட்டிலில் என்ன எண் போட்டிருக்கிறது என்று கேட்பதில் வெட்கமில்லை. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. மண்டையில் படுகிற மாதிரி பூசுவதற்கு 20 போதும். குட்டை முடியில் மண்டைச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று 40-ஐ எடுக்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டுமா என்றால், கொட்டுவது வேறு, முறிவது வேறு. வெளியே தெரிகிற முடித்தண்டு உயிரற்றது, வளர்ச்சி நடப்பது தோலுக்குக் கீழே உள்ள வேர்ப்பையில். ப்ளீச் தண்டைத்தான் பலவீனமாக்கும், அது நடுவில் முறியும். புது முடி பழையபடியே வரும். பரம்பரையாலும் ஹார்மோனாலும் வருகிற வழுக்கையை ப்ளீச் கொண்டுவராது. ஆனால் மண்டை புண்ணாகும் அளவுக்கு ரசாயனம் சுட்டுவிட்டால், அந்தத் தழும்பில் முடி வராமல் போகக்கூடும். லேசான குறுகுறுப்பு சகஜம். எரிகிறதென்றால் உடனே கழுவச் சொல்லுங்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம்தான்” என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உச்சியில் ஏற்கெனவே முடி மெலிந்திருக்கிறவர்கள் ப்ளீச்சைத் தவிர்ப்பது நல்லது. முடி வளர்வதற்காக மண்டையில் தடவுகிற மினாக்சிடில் மருந்தைப் போடுகிறவர்கள் கலர் அடிக்கிற நாளிலும் அதற்கு முன்பின் நாளிலும் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

உங்கள் நாலைந்து நரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெலனினே இல்லாத முடி அது, அதில் வெளுக்க வேண்டிய கறுப்பு எதுவும் இல்லை. 

அடித்த பிறகு செய்ய வேண்டியதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஷாம்புவைக் குறைத்து, சல்ஃபேட் இல்லாததாகப் பார்த்து, வெந்நீர் படாமல் அலசுங்கள். அதே நிறத்துச் சாயம் கலந்த கண்டிஷனர் வாரம் ஒருமுறை போட்டால் மங்குவது தள்ளிப்போகும். நீச்சல் குளத்துக்குப் போவதானால் இறங்குவதற்கு முன்னால் சாதாரணத் தண்ணீரில் முடியை நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொள்ளுங்கள். குளத்து நீரில் செம்பு இருந்தால் வெளுத்த முடி அதை உறிஞ்சிப் பச்சையாகிவிடும். முதல் இரண்டு வாரம் தலையணை உறை, ஹெல்மெட் உள்துணி, சட்டைக் காலர் மூன்றிலும் நீலம் ஒட்டும். வேரை மறுபடி வெளுக்கும்போது புதிதாக வளர்ந்த கறுப்பில் மட்டும் ப்ளீச் படட்டும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் ஏறினால் அந்த எல்லையில்தான் முறியும்.

தாடிக்கு வேண்டாம். கண்ணுக்கும் வாய்க்கும் பக்கத்தில் ப்ளீச் கொண்டுபோவது ஒரு காரணம். இன்னொன்று கணக்கு: தாடி நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளரும். மூன்று மில்லிமீட்டருக்கு ட்ரிம் செய்கிற தாடியென்றால் பத்தே நாளில் நீங்கள் பார்ப்பது முழுக்கப் புது முடி. நிறம் அடித்த வாரத்தில் தாடியை வழக்கத்தைவிட ஒரு நம்பர் குறைத்து ட்ரிம் செய்துகொள்ளுங்கள், மேலே இருக்கிற நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.