மாடியில் ஆரைக்கீரை வளர்க்க முடியுமா? விதை எங்கே கிடைக்கும்? சர்க்கரைக்கு நல்லதா?

வளர்க்கலாம். ஆனால் விதைக்கு அலையாதீர்கள், ஆரைக்கு விதையே கிடையாது. அது பூக்காத செடி, பெரணி வகை. என் மகள் கல்லூரியில் தாவரவியல் எடுத்துப் படித்தவள், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். காம்பின் அடியில் உளுந்தளவு கறுப்பாக, கெட்டியாக ஒன்று வரும். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தாலும் அது மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, தண்ணீர் வந்ததும் முளைக்கும். ஆனால் வீட்டில் அதை வைத்து வளர்ப்பது நமக்கு ஆகிற வேலை இல்லை. ஆரைக்கீரை விதை என்று பாக்கெட் போட்டு யாராவது விற்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தண்டு வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

மாடி என்று கேட்டதால் உங்களுக்குத் தரையில் இடமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். சர்க்கரையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்கிறது, பின்னாலேயே வாட்ஸப்பில் ஒரு வீடியோவும் வந்திருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

நான் பிறந்தது பேரையூர் பக்கம், மானாவாரி பூமி. ஆரையைக் கண்ணால் பார்த்ததே சோழவந்தான் பக்கம் வாக்கப்பட்டு வந்த பிறகுதான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,000 ஏக்கருக்கு மேல் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் இருபோகம் விளைகிற பூமி அது. நடவு முடிந்து களை எடுக்கும்போது வரப்பெல்லாம் ஆரையைப் பிடுங்கிக் குவித்துப் போட்டிருப்பார்கள். நெல்லுக்கு அது களை, வேளாண்மைக்காரர்களின் பட்டியலிலும் களை என்றுதான் இருக்கும். என் மாமியார் வீட்டுக்கு வரும்போது அதில் ஒரு மடி அள்ளிக் கட்டிக்கொண்டு வருவார். "நாலு இலை இருக்கான்னு பாத்துப் பிடுங்கு தாயி. மூணு இலைன்னா அது புளிப்பு" என்பார். அவர் சொன்ன மூணு இலை புளியாரை. அது மஞ்சள் பூ பூக்கும், கூப்பிடாமலே பூந்தொட்டியில் வந்து முளைக்கும். அதையும் சமைப்பார்கள், ஆனால் கல்லடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. நமக்கு வேண்டியது நீண்ட காம்பின் நுனியில் நாலு இலை கூட்டல் குறி போல விரிந்து நிற்பது. பொழுது சாய்ந்தால் அந்த நாலும் மடங்கிக்கொள்ளும்.

இப்போது நாங்கள் மதுரையில்தான் இருக்கிறோம், எனக்கும் மொட்டை மாடிதான். மற்ற கீரைக்குச் சொல்கிற யோசனை எதுவும் ஆரைக்கு ஒத்துவராது. அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. தென்னை நார்த்தூள் கலவை வேண்டாம், தண்ணீர் விட்டதும் மிதக்கும். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம் போதும். நான் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். அதில் அரை அடிக்கு வயல் மண்ணோ கண்மாய் வண்டலோ போட்டு, மக்கிய சாணம் கொஞ்சம் கலந்து, சேறாகக் குழைத்துக்கொள்ளுங்கள். கணு உள்ள தண்டுத் துண்டைச் சேற்றில் படுக்கவைத்து அமுக்கிவிட்டு, மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் போதும். வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் கூட்டினால் இலை மிதக்கும், குறைத்தால் நிமிர்ந்து நிற்கும். சமையலுக்குச் சேற்றில் நிமிர்ந்து வளர்ந்த இலைதான் எனக்குப் பிடிக்கும். சித்திரை வெயிலில் மாடித் தண்ணீர் கொதிக்கும், அப்போது மட்டும் நிழல் வலை கட்டுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் இலை ஓரம் கருகுகிறது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

கொசு வராதா என்று அடுத்து ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். வரும், மீன் விடாவிட்டால். கப்பி மீன் கொஞ்சம் விட்டால் புழுவைத் தின்றுவிடும். நானும் விட்டிருந்தேன். ஐப்பசி மழையில் டெங்கு பார்க்க ஒரு பையன் டார்ச்சோடு மாடிக்கு வந்தான்.

"என்னக்கா, தண்ணிய இப்படித் தேக்கி வச்சிருக்கீங்க?"

"மீன் கெடக்கு தம்பி. புழு இருந்தாக் காட்டு."

டார்ச் அடித்துப் பார்த்தான். புழு இல்லை, மீன்தான் ஓடியது. "மேல உள்ளவங்க வந்து பாத்தா என்னையத்தானக்கா கேப்பாங்க" என்று டிரம்மை அப்படியே சாய்த்துவிட்டான். சேறு தளத்தில் வழிந்து மழைத்தண்ணீர்க் குழாய் வாயை அடைத்தது. மீன்கள் துள்ளின, அவற்றைச் சொம்பில் பொறுக்கிப் போட்டேன். ஆரைத் தண்டு சணல் சிக்கு மாதிரி சுருண்டு கிடந்தது. அதையும் சேற்றோடு வாரி டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நாளில் கணுவுக்குக் கணு சுருண்ட முனையோடு புதுத் தளிர் எழும்பியது. சேறு காயாத வரை அதற்குச் சாவு இல்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் தினக்கூலிக்கு ஏறி இறங்குகிறவன். எனக்கு ஆற்றாமை எங்கள் பக்கத்துக் காலி மனை மேல்தான். சொந்தக்காரர் வெளிநாட்டில். கேட்டுக்குப் பூட்டு. உள்ளே கருவேலமும் பாட்டிலும் தேங்காய்ச் சிரட்டையும், மழை பெய்தால் முழங்கால் தண்ணீரும். விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கிறாராம். புகார் சொன்னால் "ஓனர் நம்பர் குடுங்க" என்று நம்மிடமே கேட்கிறார்கள். என் அரை டிரம் தண்ணீர் கண்ணில் படுகிறது, அது படவில்லை. கீரைக் கேள்விக்கு இது எதற்கு என்பீர்கள். இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேனே.

சரி, சமையல். இலையை மட்டும் கிள்ளுங்கள், முற்றின காம்பு நார். தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள், இலைக்கு அடியில் பொடி நத்தை ஒட்டியிருக்கும். பாசிப்பருப்பை அரை வேக்காடு எடுத்து வைத்துக்கொண்டு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்துக் கீரையைப் போட்டு வதக்கி, பருப்பைச் சேர்த்து இறக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு கூடை கீரை வதங்கி ஒரு கை அளவுதான் தேறும், முதலில் உப்புப் போட்டால் கரித்துவிடும்.

பச்சையாக ஜூஸ் அடிக்கச் சொல்கிற வீடியோவை நம்பாதீர்கள். ஆடு மாடு இறங்குகிற தண்ணீரில் வளர்ந்ததாக இருந்தால் ஈரல் தட்டைப்புழு இலையில் ஒட்டிக்கொண்டு வரலாம். இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் இதே இனத்தில் நார்டூ என்று ஒரு செடி உண்டு. 1861இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் அங்கே உள்நாட்டில் மாட்டிக்கொண்டு அதன் காம்படியில் வரும் கெட்டிக் காயை, முன்னே கறுப்பாக ஒன்று வரும் என்றேனே அது போன்றதை, தின்று பிழைக்கப் பார்த்தார்கள். பழங்குடியினரின் பக்குவம் அவர்களுக்குக் கைவரவில்லை, தின்னத் தின்ன மெலிந்து செத்துப்போனார்கள். அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற பொருள் இருப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். அவர்கள் தின்றது இலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பச்சையாகக் குடிக்க எனக்கு மனசு வராது.

சர்க்கரைக்கு? சித்த மருத்துவத்தில் அதிக தாகத்துக்கும் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் ஆரையைச் சொல்வார்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக இதை நம்ப வேண்டாம். இப்படிச் சொல்வதால் சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாள் கீரையும் சாப்பிடுகிறார், தினமும் மாத்திரையும் போடுகிறார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

தண்டுக்கு: நகருக்குள் இருக்கும் கண்மாய், வாய்க்கால் கரையில் எடுக்காதீர்கள். சாக்கடையில் உள்ளதையெல்லாம் நீர்ச்செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். களைக்கொல்லி அடித்த வயல் வரப்பும் வேண்டாம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில், 1999இல் தமிழ்நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தார்களே அதில்தான், கீரை விற்கிற அக்காக்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். வேரோடு வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சமைக்கத்தானே என்று இலையை மட்டும் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.